பதினாறு அடி உயரம், ஒரே ஒரு கதவு: சொகுசு லாஃப்ட் வாங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நகரத்தின் நடுவில் ஒரு பழைய அச்சுக்கூடத்தைச் சொகுசு லாஃப்ட்களாக மாற்றியிருக்கிறார்கள். நீங்கள் பார்த்த வீடு 24 அடி அகலம், 50 அடி நீளம், ஆக 1,200 சதுர அடி. உயரம் 16 அடி. மேற்குப் பக்கத்து அகலச் சுவர் முழுக்க ஜன்னல். சமையல், சாப்பாடு, உட்காருவது எல்லாம் ஒரே கூடத்தில். பின்பக்கம் ஒரு இடைத்தளம், அதன் மேல் படுக்கை. குளியலறையைத் தவிர வேறெங்கும் கதவு கிடையாது. உங்களில் ஒருவருக்கு வீட்டிலிருந்தே வேலை, மூன்று வயதில் ஒரு குழந்தை. உள்ளே போன பத்தாவது நிமிடமே மனதைப் பறிகொடுத்துவிட்டீர்கள், ஆனாலும் ஏதோ உறுத்துகிறது.

பழைய தொழிற்கூடங்களை வீடாக மாற்றும் வேலையில் நான் நிறைய வருடங்கள் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு வீட்டில் ஆறு வருடம் குடும்பத்தோடு குடியிருந்தும் இருக்கிறேன். அந்த வீட்டின் மேல் எனக்கு இன்றும் ஆசை போகவில்லை. எனவே வேண்டாம் என்று தடுக்க எழுதவில்லை. உங்களுக்கு உறுத்துவது எது என்று கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் எழுதுகிறேன்.

லாஃப்ட் என்றதும் சாமான் போட்டு வைக்கும் பரண்தான் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வரும். இங்கே பேசுவது வேறு. பட்டறைகளும் கிடங்குகளும் இருந்த மாடிகளில், நடுவில் சுவரே இல்லாத பெரிய தளத்தை அப்படியே வீடாக்கிக்கொள்வது. இந்தப் பழக்கம் பெரிதாக வளர்ந்தது நியூயார்க்கின் சோஹோ பகுதியில். 1950, 60களில் அங்கிருந்த துணி, அச்சுத் தொழில்கள் வெளியேற, காலியான மாடிகளில் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினார்கள். சட்டப்படி அங்கே யாரும் வசிக்கக் கூடாது. பல இடங்களில் சூடேற்றும் வசதியும் இல்லை, ஒழுங்கான சமையலறையும் இல்லை. 1961இல் நகர நிர்வாகம் ஓரளவு இறங்கிவந்தபோது, வாசலில் ‘ஏ.ஐ.ஆர்.’ என்று ஒரு பலகை மாட்டச் சொன்னார்கள். ‘இங்கே ஒரு கலைஞர் குடியிருக்கிறார்’ என்று அதற்கு அர்த்தம். எந்த மாடி என்பதும் அதில் இருக்கும். தீப்பிடித்தால் வீரர்கள் மேலே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த ஏற்பாடு. கலைஞர்கள் அங்கே வசிக்க 1971இல்தான் முறையான அனுமதி வந்தது. 1982இல் லாஃப்ட் வாடகைதாரர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது.

இந்தக் கதையைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அவர்கள் வீடு தேடிப் போகவில்லை. பத்தடி ஓவியத்தைச் சாய்த்து வைக்க, இரும்பை அறுத்து ஒட்ட இடம் தேடிப் போனார்கள். அந்த இடத்தின் ஒரு மூலையில் படுத்துக்கொண்டார்கள். அதாவது லாஃப்ட் என்பது அடிப்படையில் ஒரு வேலைக்கூடம். பிறகு அதில் சலவைக்கல்லும் விலை உயர்ந்த குழாயும் வந்தன, பெயரோடு ‘சொகுசு’ சேர்ந்தது. ஆனால் கூடத்தின் சுபாவம் மாறவில்லை. ஒருவர் தன் வேலையைத் தன் போக்கில் செய்யும் இடமாக அது அற்புதமானது. மூன்று பேர் மூன்று விதமான நேரங்களை வாழும் இடமாக அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது.

வெளிச்சம். மின்விளக்கு பரவுவதற்கு முன் கட்டிய தொழிற்கூடங்களில் பகல் வெளிச்சம்தான் வேலைக்கு ஆதாரம். அதனால் ஜன்னலைக் கூரைக்குப் பக்கத்தில் வரை ஏற்றி வைத்தார்கள். ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரை வெளிச்சம் உருப்படியாக வரும் என்பது கட்டடக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. சாதாரண வீட்டில் ஏழு அடி உயர ஜன்னல் பதினைந்து அடி வரை வெளிச்சம் கொடுக்கும். உங்கள் வீட்டில் 14 அடி இருந்தால் முப்பது, முப்பத்தைந்து அடி வரை வரும். காலையில் விளக்கே போடாமல் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து படிக்கலாம். மழை பெய்யும் நாளில் அந்தக் கண்ணாடி முழுக்க மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக வேறு வீட்டில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் உங்கள் தளம் 50 அடி ஆழம். கடைசிப் பதினைந்து அடி, அதாவது இடைத்தளமும் அதன் அடிப்பகுதியும், எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும். வீடு பார்க்கப் போன அன்று அங்கே எத்தனை விளக்கு எரிந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் தளத்தின் பலம். சாதாரண வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குத்தான் வடிவமைப்பார்கள். சாதாரணத் தொழிற்கூடத்துக்கே அது 600 கிலோ, கனரக வேலை என்றால் 1,200 கிலோ. அச்சு இயந்திரம் ஓடிய தளம் என்றால் சுவர் நிறையப் புத்தக அலமாரி, பியானோ எதையும் யோசிக்காமல் வைக்கலாம். இடைத்தளத்துக்கு இது பொருந்தாது. அது பின்னால் இரும்பில் கட்டியது, அதற்குத் தனிக் கணக்கு.

சரி, இப்போது சத்தத்துக்கு வருகிறேன். உங்களுக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீடு காட்டும்போது எல்லாரும் மெதுவாகப் பேசுவோம், அதனால் முழுசாகத் தெரியாது. ஆனால் காது கவனித்துவிடும்.

ஒரு அறையில் எழுந்த சத்தம் அடங்க எவ்வளவு நேரமாகும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. கண்டுபிடித்தவர் வாலஸ் சபைன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1895இல் திறந்த ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆயிற்று. அதைச் சரிசெய்யும் பொறுப்பு அந்த இளம் பேராசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்துவந்து, ஒன்றொன்றாக அடுக்கி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கவிட்டு, நேரம் அளந்தார். அறையின் கன அளவு கூடக் கூட முழக்கம், அதாவது சத்தம் அடங்க ஆகும் நேரம், கூடும், சத்தத்தை உறிஞ்சும் பரப்பு கூடக் கூட முழக்கம் குறையும் என்பது அவர் கண்டது. இன்றும் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

உங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கன அளவு சுமார் 544 கன மீட்டர். செங்கல், கான்கிரீட், கண்ணாடி, பளபளக்கும் தரை என்று எல்லாம் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் பரப்புகள். சாமான் இல்லாமல் காலியாக இருந்தால் முழக்கம் ஏறக்குறைய 4 நொடி வருகிறது. சோபா, திரை, கம்பளம் எல்லாம் போட்ட ஒரு சாதாரண அறையில் அது அரை நொடி அளவுதான். உங்கள் வீட்டை ஒரு நொடிக்குக் கொண்டுவரவே 65 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சும் பரப்பு கூடுதலாக வேண்டும். கூரையில் பாதிக்கு மேல் ஒலி உறிஞ்சும் பலகை ஒட்டினால்தான் அது ஆகும். அழகான கம்பளம் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது வாழ்க்கையில் எப்படி இருக்கும் என்றால், கீழே ஒரு ஸ்பூன் தரையில் விழுந்தால் மேலே தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். பாத்திரம் கழுவும் சத்தத்தில் அலுவலகப் பேச்சு காதில் விழாது. அதைவிட முக்கியமாக, ஒருவர் அலுவலகப் பேச்சில் இருக்கும்போது மற்ற எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் என் மனைவி மாலையில் ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசியாக வேண்டிய வேலையில் இருந்தார். அந்த ஒரு மணி நேரம் நானும் மகளும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கதை படிப்போம். முதல் மாதம் அது விளையாட்டாக இருந்தது. இரண்டாம் வருடம் மகள் வரமாட்டேன் என்று அழுதாள். அன்றுதான் எங்களுக்கு உறைத்தது, இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு குழந்தை சத்தம் போட இடமில்லை என்று.

வாசனையும் இதே வழியில்தான் போகும். வெங்காயம் வதக்கினால் தலையணை உறை வரை ஏறும். அடுப்பின் மேல் இருக்கும் புகைபோக்கி வெளியே குழாய் விட்டதா, அல்லது வடிகட்டி அதே காற்றைத் திரும்ப உள்ளே விடுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பின்னதாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஓரளவு நிற்கும், ஆவியும் வாசனையும் வீட்டிலேயே தங்கிவிடும்.

வெப்பத்தைப் பற்றி எல்லாரும் சொல்வது, உயரம் அதிகம், அதனால் மின் கட்டணம் அதிகம் என்று. பாதிதான் சரி. காற்றின் அளவைவிட, வெளியுலகைத் தொடும் சுவரும் கண்ணாடியும்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. உங்கள் ஜன்னல் மேற்கே பார்க்கிறது. தெளிந்த நாளின் பிற்பகலில் ஒற்றைக் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டர் வழியாக 500 வாட் அளவுக்கு வெப்பம் உள்ளே வரலாம். அங்கே இருபது சதுர மீட்டருக்கு மேல் கண்ணாடி இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆயிரம் வாட் ஹீட்டர் பத்தை வரிசையாகப் போட்டு வைத்ததற்குச் சமம். அந்த வெப்பம் நேராக ஏறி நிற்கும் இடம் உங்கள் படுக்கை. குளிர்காலத்தில் எங்கள் கூடத்தில் 20 டிகிரி காட்டும்போது இடைத்தளத்தில் 25 காட்டியது. கீழே சால்வை, மேலே வியர்வை. மின்விசிறியைக் குளிர்காலத்தில் மறுதிசையில் மெதுவாகச் சுற்றவிட்டால் மேலே தேங்கும் சூடு கீழே இறங்கும். எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது அதுதான்.

கண்ணாடியை மாற்றிவிடலாமே என்று தோன்றும். ஒற்றைக் கண்ணாடிக்குப் பதில் நல்ல இரட்டைக் கண்ணாடி போட்டால் குளிரில் வெளியேறும் வெப்பம் நாலில் ஒரு பங்காகக் கூடக் குறையும். ஆனால் கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருந்தால் பழைய இரும்புச் சட்டத்தைத் தொட அனுமதி கிடைப்பது கஷ்டம். அப்போது உள்பக்கமாக இன்னொரு ஜன்னல் வைப்பதுதான் வழி. இரண்டுக்கும் நடுவில் பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விட்டால் தெருச் சத்தமும் நன்றாகக் குறையும். நகர நடுவில் அதிகாலை நாலு மணிக்கு வந்து நிற்கும் சரக்கு வண்டிகளுக்கு அது அவசியம்.

சின்ன விஷயங்கள் சில உண்டு, அவை உயரத்தோடு கூடவே வரும். ஒரு இரவு இரண்டு மணிக்குக் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரி தீர்ந்து, நிமிடத்துக்கு ஒரு தடவை ‘கீச்’ என்றது. எங்களிடம் இருந்த ஏணி எட்டடி. விடிந்து, ஆள் வந்து, நீள ஏணி வைத்துக் கழற்றும் வரை மூவரும் விழித்திருந்தோம். பல்பு மாற்ற, ஜன்னலின் மேல்பகுதி துடைக்க, வெளியே தெரியும்படி ஓடும் குழாய்களின் முதுகில் படியும் தூசியைத் தட்ட, ஒவ்வொன்றுக்கும் ஆளைக் கூப்பிட வேண்டும். திரைச்சீலை தைத்துத்தான் வாங்க முடியும். பூசாத செங்கல் சுவர் பார்க்க எவ்வளவு அழகோ, அவ்வளவு சுண்ணாம்புப் பொடியை உதிர்க்கும்.

குழந்தை இருப்பதால் இடைத்தளத்தின் கைப்பிடியைக் கையோடு அளந்துவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் பந்து நுழையக் கூடாது என்பது பல நாடுகளின் விதி. கம்பிகள் படுக்கைவசமாக ஓடினால் பிள்ளைகளுக்கு அது ஏணி மாதிரி. படிகளுக்கு நடுவில் திறந்த இடைவெளி இருந்தால் அடைத்தாக வேண்டும்.

பழைய தொழிற்கூடம் என்பதால், சொகுசு வேலைப்பாட்டில் மயங்கி யாரும் கேட்காத ஒரு கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும்: இங்கே முன்பு என்ன தயாரித்தார்கள்? நியூஜெர்சியின் ஹோபோக்கனில் பாதரச விளக்குகள் செய்த ஒரு தொழிற்சாலையைக் கலைஞர்கள் சிலர் சேர்ந்து வாங்கி வீடுகளாக்கினார்கள். 1995இல் தரையில் பாதரசத் துளிகள் தென்பட்டன. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் குடியிருந்தவர்கள் அத்தனை பேரையும் வெளியேற்ற வேண்டிவந்தது. கடைசியில் கட்டடமே இடிக்கப்பட்டது. அச்சுக்கூடம் என்றால் ஈய எழுத்துகளும் கரைப்பான் திரவங்களும் புழங்கிய இடம். பழைய கட்டடமாதலால் ஈயப் பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ் இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மண், தரை, உள்காற்று ஆகியவற்றைச் சோதித்த அறிக்கை விற்பவரிடம் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக ‘எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு’ என்றால் போதாது. தரையில் கைவைத்து விளையாடும் வயதுக் குழந்தை உள்ள வீட்டுக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். இரண்டு விஷயம் மட்டும். இப்படிப்பட்ட கட்டடங்களில் பெரும்பாலும் வீடுகள் குறைவு, ஆனால் பராமரிப்புச் செலவு பெரிது. பழைய லிஃப்ட், செங்கல் இடுக்குகளில் மறுபடி சாந்து பூசுவது, மொட்டை மாடி ஒழுகல், எல்லாம் அந்தச் சில பேர் தலையில் விழும். சங்கத்தின் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த பத்து வருடத்தில் என்னென்ன வேலை வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது, திரும்ப விற்கப் போனால் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் தனியாள் அல்லது இரண்டு பேர். குடும்பங்கள் பார்த்து ரசித்துவிட்டுப் போய்விடும். அரிதான வீடு என்பதால் நல்ல விலை கிடைக்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டும்.

‘சொகுசு’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரியும் சொகுசு, சமையல் மேடைக் கல்லும் குழாயும் கைப்பிடியும். அவற்றை என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத சொகுசு, கூரையில் ஒலி உறிஞ்சும் பூச்சு இருக்கிறதா, மேல் வீட்டுக்காரர் நடப்பது கேட்காதபடி தளத்துக்குள் மெத்தை அடுக்கு போட்டார்களா, கண்ணாடி எப்படிப்பட்டது என்பவை. பின்னால் எளிதில் மாற்ற முடியாதது இதுதான், விலை கொடுக்கத் தகுந்ததும் இதுதான். பழைய கட்டடத்தை மாற்றியதை ஹார்ட் லாஃப்ட் என்றும், புதிதாகவே அந்தச் சாயலில் கட்டியதை சாஃப்ட் லாஃப்ட் என்றும் சொல்வார்கள். கண்ணாடி, குளிர்காப்பு ஆகியவற்றில் பின்னது பெரும்பாலும் மேல். ஆனால் அந்த உயரமும் தளத்தின் கனமும் அதில் அபூர்வம். உங்களுக்குப் பிடித்தது ஹார்ட் லாஃப்ட்தான் என்பது நீங்கள் எழுதிய விதத்திலேயே தெரிகிறது. அதை விட்டுவிட்டுச் சாயலுக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் வாங்கலாமா? இப்போது இருக்கிறபடியே என்றால், உங்கள் மூவருக்கும் வேண்டாம் என்பேன். ஒரு குழந்தையும் ஒரு வீட்டு அலுவலகமும் கதவில்லாத கூடத்தில் நிம்மதியாக இருக்க முடியாது. நாங்கள் முயன்று பார்த்தோம். ஆனால் இரண்டு அறைகளை மூட முடிந்தால் என் பதில் மாறும்.

முதல் அறை எளிது. இடைத்தளத்துக்கு அடியில் இருக்கும் மங்கலான இடத்தைக் கண்ணாடித் தடுப்பு போட்டு வேலை அறையாக்குங்கள். கனமான கதவு, கீழிடுக்கில் ரப்பர் பட்டை. கூடத்து வெளிச்சம் கண்ணாடி வழியே போதுமான அளவு வரும். அங்கே இடைத்தளத்தின் அடிவரை ஏழடியாவது தலைக்கு மேல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவதுதான் கஷ்டம். குழந்தை தூங்கும் அறைக்கு ஜன்னல் வேண்டும். பல ஊர்களில் விதியே அப்படி, விதி இல்லாவிட்டாலும் அதுதான் நியாயம். உங்கள் வீட்டில் ஜன்னல் உள்ள சுவர் ஒன்றே ஒன்று, 24 அடி. அதில் பத்தடியைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். தடுப்புச் சுவர் கூரை வரை ஏறித் தொட வேண்டும், இல்லையென்றால் சத்தம் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். ஜன்னலின் செங்குத்துச் சட்டம் எங்கே வருகிறதோ அங்கே தடுப்பு போய் முட்ட வேண்டும், கண்ணாடியின் நடுவில் முட்டக் கூடாது. இதைச் செய்தால் அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் மனதைக் கவர்ந்த காட்சி அப்படியே இருக்காது. நாங்கள் இதற்கு மனம் வராமல்தான் ஆறு வருடம் தள்ளிப்போட்டோம், கடைசியில் வீட்டையே விற்றோம்.

அதனால் இன்னொரு முறை போய்ப் பார்க்கக் கேளுங்கள், மாலை ஐந்து மணிக்கு. குழந்தையையும் கூட்டிப்போங்கள், ஓடிப் பிடித்து விளையாடட்டும், கத்தட்டும். ஒருவர் மேலே படுக்கை இருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் இருங்கள். அப்புறம் பையிலிருந்து பேப்பர் டேப்பை எடுத்து, பத்தாவது அடியில் வரும் ஜன்னல் சட்டத்திலிருந்து தரையில் நேராகப் பன்னிரண்டு அடி ஒட்டுங்கள். அதுதான் சுவர். கோட்டுக்கு இந்தப் பக்கம், மிச்சம் இருக்கும் 14 அடி ஜன்னலுக்கு முன்னால் இரண்டு பேரும் நின்று பாருங்கள். அப்போதும் இந்த வீடுதான் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றினால், சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிவிட்டு முன்பணம் கொடுங்கள்.